ஒரு தசமப் புள்ளியும் 38½ மாத்திரைகளும்

1960களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சன்னிவேல் என்ற ஊரில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பாயும் பொலாரிஸ் ஏவுகணைகளை லாக்ஹீட் நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்தது. ராணுவ ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் காலம் முழுக்க ஏவுகணையையே நம்பி இருக்க முடியுமா என்ற கேள்வி நிறுவனத்துக்குள் எழுந்தது. தங்களுக்குக் கைவந்த கணினி வித்தைக்கு வேறு எங்காவது வேலை இருக்கிறதா என்று தேடியவர்களின் பார்வை மருத்துவமனை மீது விழுந்தது. டாக்டர் எழுதிய ஒரு வரி மருந்து, நோயாளியின் வாய்க்குள் போவதற்குள் மூன்று நான்கு கைகளால் படியெடுக்கப்பட்ட காலம் அது. கிறுக்கல் எழுத்து, தேய்ந்த கார்பன் தாள், அவசரமாகப் புரட்டப்பட்ட பதிவேடு. ராக்கெட் பொறியாளர்கள் அங்கே ஒரு திரையை வைக்கத் தீர்மானித்தார்கள்.

சன்னிவேலுக்குப் பக்கத்து ஊர் மவுண்டன் வியூ. அங்கிருந்த எல் கமீனோ மருத்துவமனையில் 1971இல் அந்தத் திரை வந்து அமர்ந்தது. மருந்துப் பெயர், அளவு, வேளை எல்லாம் பட்டியலாகத் திரையில் தெரிந்தன. டாக்டர் ஒளிப் பேனா ஒன்றால் அவற்றைத் தொட்டால் போதும், உத்தரவு அச்செழுத்தில் மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர்களில் ஒரு பிரிவினருக்கு இது பிடிக்கவில்லை. குமாஸ்தா செய்யவேண்டிய வேலையை நாங்கள் ஏன் செய்யவேண்டும் என்று முகம் சுளித்தார்கள். போதாக்குறைக்கு லாக்ஹீடே அந்த ஆண்டு திவாலின் விளிம்பில் நின்றது. அதன் புதிய பயணிகள் விமானத்துக்கு இன்ஜின் செய்துகொண்டிருந்த ரோல்ஸ் ராய்ஸ் நொடித்துப்போயிருந்தது. மருத்துவமனைத் திட்டம் ரத்தப் பரிசோதனைக் கருவிகள் செய்யும் டெக்னிகான் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. கைமாறியதால் திரை பிழைத்தது. ஆனால் அதன் முன்னால் இன்னும் ஒரு பெரிய சோதனை காத்திருந்தது. அந்தச் சோதனையின் எடை அரை கிலோவிலிருந்து தொடங்கியது.

பெரியவர்களுக்கு மருந்து எழுதுவதில் ஓர் இயற்கையான பாதுகாப்பு உண்டு. மாத்திரையும் மருந்துக் குப்பியும் அவர்களின் உடலை மனத்தில் வைத்தே தயாராகின்றன. ஒரு மாத்திரை எழுதவேண்டிய இடத்தில் பத்து என்று எழுதிவிட்டால், எடுத்துக் கொடுக்கிறவர் கையே தயங்கும். குழந்தைகள் வார்டில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. குறைமாதத்தில் பிறந்து 600 கிராம் எடையுள்ள சிசுவும், 60 கிலோ எடையுள்ள பதின்ம வயதுப் பையனும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்திருப்பார்கள். ஒவ்வொரு வேளை மருந்தும் ஒரு கணக்கு. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெருக்கி, எத்தனை வேளை என்று வகுத்து, குப்பியில் மருந்து எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்து மறுபடியும் வகுக்கவேண்டும். இதில் பத்து மடங்கு தவறினாலும், தவறிய அளவும் ஒரே ஊசிக்குள் அடங்கிவிடும். பார்க்கிற கண்ணுக்கு அது தவறாகவே தெரியாது.

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்குக் கணக்குத் தேர்வு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1979இல் வெளிவந்தது. தவறிய விடைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பத்து மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தன. அனுபவமும் அக்கறையும் உள்ளவர்கள் போட்ட கணக்குகள்தாம் அவை. ஆயினும் அந்த முடிவு மருத்துவ இதழின் பக்கங்களைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போகவில்லை.

அடுத்த திருப்பம், யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் நடந்தது. 1992இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற செவிலியர் வேலை பார்த்துவந்தார். ஒருநாள் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவி ஒன்றைக் காரில் ஒட்டியிருந்த பார்கோடின் மீது காட்டினார், வேலை முடிந்துவிட்டது. எந்தக் கார், யார் எடுத்தது, எவ்வளவு பணம் என்பதில் குழப்பமே இல்லை. காருக்குச் செய்ய முடிந்ததை மருந்துக்குச் செய்ய முடியாதா என்று கின்னிக் யோசித்தார். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பார்கோடு, மருந்தின் மேல் ஒரு பார்கோடு, இரண்டும் பொருந்தினால் மட்டுமே மருந்து. டொபீகாவில் சில ஆண்டுகளுக்குள் அது நடைமுறைக்கு வந்தது. 1999 முதல் நாடெங்கும் உள்ள முன்னாள் வீரர் மருத்துவமனைகளுக்கும் பரவியது. ஆனால் அந்த மருத்துவமனைகளில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. வயதான சிப்பாய்களுக்காகப் பிறந்த அந்த யோசனை தொட்டிலை எட்டுவதற்குள் பல சிசுக்களுக்கு ஆபத்து நேர்ந்தது.

பாஸ்டன் நகரில் அதே காலகட்டத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை 1993இல் தானே கட்டிய கணினி அமைப்பில் டாக்டர்களை மருந்து எழுதவைத்தது. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணராகப் பல்லாண்டு பணியாற்றிய லூசியன் லீப், கத்தியை வைத்துவிட்டு மருத்துவத் தவறுகளை ஆராயத் தொடங்கியிருந்தார். தவறு செய்த மனிதரைத் தண்டிப்பதால் தவறு குறையாது, தவறு நடக்க வழிவிடும் அமைப்பைத் திருத்தவேண்டும் என்று 1994 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அதே டிசம்பர் தொடக்கத்தில்தான், அதே பாஸ்டனில், புகழ்பெற்ற புற்றுநோய் மையம் ஒன்றில் பாஸ்டன் குளோப் நாளிதழின் மருத்துவச் செய்தியாளர் பெட்ஸி லேமன் இறந்திருந்தார். நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய மருந்தின் மொத்த அளவும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியே வந்ததும் அமெரிக்கா அதிர்ந்தது. பிரிகாமின் திரை எவ்வளவு பயன்பட்டது என்று டேவிட் பேட்ஸ் தலைமையிலான குழு அளந்து பார்த்து 1998இல் வெளியிட்டது. கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அங்கேயும் அளக்கப்பட்ட நோயாளிகள் பெரியவர்கள்.

குழந்தைகள் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை 1996 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. இரண்டு மாதக் குழந்தை, இதயத்தில் ஓட்டை. டிஜாக்சின் கொடுக்க முடிவானது. இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து அது. ஆனால் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மூத்த மருத்துவரும் பயிற்சி மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். விடை 0.09 மில்லிகிராம். சரியான விடை. பயிற்சி மருத்துவர் அதைத் தாளில் எழுதியபோது 0.9 என்று விழுந்தது. மூத்தவர் அந்தத் தாளைப் படித்தார். மனத்தில் இருந்த 0.09தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

தாள் ஃபேக்ஸில் மருந்தகத்துக்குப் போனது. அங்கிருந்த மருந்தாளுநருக்கு அளவு அதிகம் என்று பட்டுவிட்டது. உடனே எழுதியவரைப் பேஜரில் அழைத்தார். பயிற்சி மருத்துவரின் வேலைநேரம் முடிந்திருந்தது, அழைப்பு அவரை எட்டவில்லை. சந்தேகத்துக்குரிய சீட்டுகளை வைக்கும் வழக்கமான இடம் மருந்தகத்தின் காபி பாத்திரத்தின் மேல்பக்கம். மருந்தாளுநர் அந்தச் சீட்டை அங்கே வைத்தார். பதில் வரும்வரை அந்த மருந்து வெளியே போகாது என்று அவர் நம்பியதில் தவறில்லை. ஆனால் அதே உத்தரவின் இன்னொரு பிரதி மறுபடியும் ஃபேக்ஸில் வந்து விழுந்தது.

இரண்டாவது பிரதியைப் பார்த்த உதவியாளர் 0.9 மில்லிகிராமைக் குப்பியில் நிரப்பினார். சரிபார்த்தவர் சீட்டையும் குப்பியையும் ஒப்பிட்டார். இரண்டிலும் 0.9, பொருந்தியது. வார்டில் செவிலியருக்கும் மனம் ஒப்பவில்லை. பணியில் இருந்த வேறொரு மருத்துவரிடம் குப்பியைக் காட்டிக் கேட்டார். அந்த மருத்துவர் அலட்சியம் செய்யவில்லை. கணக்கைப் புதிதாகப் போட்டார். 0.09 என்று விடை வந்தது. குப்பியைப் பார்த்தார். அதே ஒன்பது அங்கேயும் இருந்தது. புள்ளிக்குப் பின்னால் இருக்கவேண்டிய பூஜ்யம் காணாமல் போனதை அவர் கண் தவறவிட்டது. ஊசி போடப்பட்டது, குழந்தை பிழைக்கவில்லை. இத்தனை பேர் சந்தேகப்பட்டும், இத்தனை பேர் சரிபார்த்தும் ஒரு புள்ளி எல்லோரையும் கடந்துபோயிருக்கிறது. இந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்ட என்னால் முடிவதில்லை.

இப்படி எத்தனை புள்ளிகள் தொலைகின்றன? 1999இல் ரெய்னு கௌஷல் என்ற மருத்துவர் தன் குழுவுடன் அதை எண்ணத் துணிந்தார். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரம், பாஸ்டனின் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,120 குழந்தைகளின் 10,778 மருந்து உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 616 பிழைகள். பெரியவர்களிடம் கண்ட விகிதத்தோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தீங்கு செய்யக்கூடிய பிழைகளைத் தனியாகப் பிரித்தபோது, அவை பெரியவர்களுக்கு நேர்வதைப்போல் மூன்று மடங்கு இருந்தன. பச்சிளம் சிசுக்களிடம் இன்னும் அதிகம். 2001இல் வெளியான அந்த ஆய்வு ஒரு நம்பிக்கையையும் தந்தது. டாக்டர்கள் கணினியில் மருந்து எழுதினால், தீங்கு செய்யக்கூடிய பிழைகளில் 93 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. வார்டிலேயே மருந்தாளுநர் ஒருவர் கூட இருந்தால் 94 சதவீதம் தடுத்திருக்கலாம் என்றும் அதே பக்கம் சொன்னது. மருத்துவமனைகள் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது எண் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் அதற்கான விலையைப் பின்னால் பல குழந்தைகள் கொடுத்தார்கள்.

பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில் கணினிக்கு மாறியது. மருத்துவமனை முழுவதும் ஆறே நாளில் காகிதம் போய்த் திரை வந்தது. தீங்கு விளைவித்த மருந்துப் பிழைகள் குறைந்தன என்று அங்கிருந்தே ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள் சிலருக்கு ஏதோ உறுத்தியது. யோங் ஹான் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பிழைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, உயிர்களை எண்ணினார்கள்.

வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட 1,942 குழந்தைகளின் பதிவுகளை அவர்கள் எடுத்தார்கள். கணினி வருவதற்கு முந்தைய 13 மாதங்களில் இறப்பு 2.80 சதவீதம். வந்த பிறகு ஐந்து மாதங்களில் 6.57 சதவீதம். இரு மடங்குக்கும் மேல். பிழையைக் குறைக்க வந்த கருவி, குழந்தைகளின் இறப்பு கூடிய நேரத்தோடு சேர்ந்து நின்றது. 2005 டிசம்பரில் இது அச்சில் வந்தபோது மருத்துவ உலகம் வாயடைத்துப்போனது. எப்படி நடந்தது?

விடை வார்டின் நடைமுறையில் இருந்தது. முன்பெல்லாம் ஆம்புலன்சிலோ ஹெலிகாப்டரிலோ குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே, கூட வரும் குழு வானொலியில் நிலைமையைச் சொல்லும். மருத்துவர் உத்தரவுகளை எழுதிவிடுவார். குழந்தை உள்ளே நுழையும்போது மருந்து தயாராக இருக்கும். புதிய கணினிக்கு, குழந்தை நேரில் வந்து பதிவாகும்வரை அப்படி ஒரு குழந்தையே உலகில் இல்லை. வந்த பிறகும் ஒவ்வோர் உத்தரவுக்கும் சராசரியாகப் பத்து கிளிக்குகள், ஒன்றிரண்டு நிமிடங்கள். கையால் எழுதினால் சில நொடி வேலை. தீவிர சிகிச்சைக்கென்று முன்கூட்டியே தொகுத்து வைத்த உத்தரவுத் தொகுப்புகள் எதுவும் அந்தத் திரையில் இல்லை. வார்டிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உயிர்காக்கும் மருந்துகளும் அதே சமயத்தில் மைய மருந்தகத்துக்கு இடம்மாறின. குழந்தையின் கட்டிலருகே நின்ற கைகளில் ஒரு ஜோடி எப்போதும் விசைப்பலகையில் சிக்கிக்கொண்டது. இறப்புகளுக்குக் கணினி மட்டுமே காரணமா, கூடவே மாறிய மற்றவையா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. விவாதம் ஒரு பக்கம் இருக்க, பிட்ஸ்பர்க் வாங்கிய அதே நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியிருந்த இன்னொரு மருத்துவமனையின் கணக்கு வெளியே வரவேண்டியிருந்தது.

அது சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனை. அங்கே கணினி 2003இல் வந்தது. எந்த நோய்க்கு எந்தெந்த உத்தரவுகள் என்ற தொகுப்புகளை முன்கூட்டியே தயார்செய்து வைத்திருந்தார்கள். 2006இல் வெளியான கணக்கில், தீவிர சிகிச்சைப் பிரிவின் இறப்பு விகிதம் கூடவில்லை. 4.22இலிருந்து 3.46 சதவீதமாக இருந்தது. புள்ளியியல்படி அதைக் குறைவு என்றும் சொல்ல முடியாது, ஆனால் பிட்ஸ்பர்க்கின் கதை திரும்பவில்லை. 2007 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டின் லூசில் பேக்கார்ட் குழந்தைகள் மருத்துவமனை கணினிக்கு மாறியது. 18 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது மருத்துவமனை முழுவதிலும் இறப்பு விகிதம் 20 சதவீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 36 குழந்தைகள் உயிரோடு வீடு திரும்பியதற்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். எல்லாப் பெருமையும் கணினிக்கே என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனாலும் திரை தன் பெயரை மீட்டுக்கொண்டது.

நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 2004இல் வந்த ஓர் எச்சரிக்கை மட்டும் அப்போது சரியாகக் கேட்கப்படவில்லை. திரை வந்ததும், கையெழுத்து புரியாமை, வேளையை எழுத மறப்பது போன்ற பிழைகள் 99 சதவீதம் மறைந்துபோயின. ஆனால் தவறான அளவு போன்ற உண்மையிலேயே ஆபத்தான பிழைகள் 41 சதவீதம்தான் குறைந்தன. அச்செழுத்தில் அழகாக வந்தாலும் தவறான எண் தவறான எண்தான்.

அதற்குள் இன்னொரு ஓட்டை திறந்துகொண்டது. 2006 செப்டம்பர், இண்டியானாபொலிஸ் நகரம். மருத்துவரின் உத்தரவு சரி, கணக்கு சரி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் சிசுக்களுக்கானது மில்லிலிட்டருக்கு 10 யூனிட், பெரியவர்களுக்கானது 10,000 யூனிட். இரண்டும் சிறு குப்பிகள், இரண்டின் லேபிளும் நீல நிறச் சாயல். மருந்து அலமாரியை நிரப்பியவர் குப்பியை மாற்றி வைத்துவிட்டார். ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு அது ஏறியது. மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அதே தவறு, அதே இரு குப்பிகள். இம்முறை ஆபத்தில் சிக்கியவர்கள் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத இரட்டையர்கள். அவர்களின் தந்தை ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவெய்ட்.

இரட்டையர்கள் பிழைத்தார்கள். குவெய்ட் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சியில் பேசினார், 2008இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார், மருத்துவமனைகளிடம் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். அந்தக் கோரிக்கை, 16 ஆண்டுகளுக்கு முன்பு வாடகைக் கார் நிறுத்தத்தில் சூ கின்னிக்குக்குத் தோன்றிய அதே யோசனை. பெரும்பாலான மருந்துகளின் மேலும் பார்கோடு இருக்கவேண்டும் என்று அமெரிக்க அரசு 2004இலேயே விதி போட்டிருந்தது. படிக்கும் கருவியைக் கட்டில்வரை கொண்டுபோக மருத்துவமனைகள்தாம் தயங்கிக்கொண்டிருந்தன. 2010இல் பிரிகாம் மருத்துவமனையின் ஆய்வு வந்தது. கொடுக்கும் கட்டத்தில் நேரும் பிழைகள், நேரத் தவறுகளைத் தவிர்த்து, பார்கோடால் 41 சதவீதம் குறைந்திருந்தன. குழந்தைகள் வார்டுகளில் பார்கோடுப் பட்டையைச் சுண்டுவிரல் தடிமனே உள்ள மணிக்கட்டில் சுற்றினால் கோடுகள் வளைந்து படிக்க முடியாமல் போயின. நீளக் கோடுகளுக்குப் பதில் சிறு சதுரக் குறியீடு வந்தது. எழுதுவதற்குத் திரை, எடுத்துத் தருவதற்கு ரோபோ, கொடுக்கும்போது பார்கோடு. சங்கிலி முழுமை அடைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்தச் சங்கிலி முழுவதும் இருந்தது. குழந்தைகள் பிரிவில் 16 வயதுப் பையன் ஒருவன், எடை 38.6 கிலோ. தொற்று வராமல் தடுக்க அவன் வழக்கமாகச் சாப்பிடும் செப்ட்ரா மாத்திரை ஒன்று. 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் மருந்து எழுதவேண்டும் என்பது அங்கே விதி. பயிற்சி மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று சரியாகவே எழுதினார். கணினி பெருக்கி 193 மில்லிகிராம் என்றது. ஆனால் அவன் சாப்பிடும் மாத்திரை 160 மில்லிகிராம். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்ததால், மருந்தாளுநர் விதிப்படி மருத்துவருக்குச் செய்தி அனுப்பினார்: 160 என்று மாற்றி எழுதித் தரவும்.

மருத்துவர் திரையைத் திறந்து 160 என்று தட்டினார். கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அலகு அவர் நினைத்த மில்லிகிராமாக இல்லை. கிலோவுக்கு மில்லிகிராமாக இருந்தது. கணினி 160ஐ 38.6ஆல் பெருக்கியது. ஒரு மாத்திரை, முப்பத்தெட்டரை மாத்திரையானது.

கணினி எச்சரிக்கத் தவறவில்லை. ஆனால் அந்த மருத்துவமனையில் மாதம் சுமார் 3,50,000 மருந்து உத்தரவுகள் எழுதப்பட்டன, அவற்றில் கிட்டத்தட்டப் பாதிக்கு மருந்தாளுநரின் திரையில் ஏதோ ஓர் எச்சரிக்கை துள்ளி எழுந்தது. பெரும்பாலானவை பொருளற்றவை. உயிரைக் குடிக்கும் அளவுக்கும் அதே பெட்டி, அதே நிறம், அதே எழுத்து. மருத்துவர் அதைக் கடந்தார், மருந்தாளுநரும் கடந்தார். ரோபோ ஒரு மாத்திரைகூடத் தவறாமல் எண்ணி அனுப்பியது. அன்று வேறு பிரிவிலிருந்து வந்து அந்த வார்டில் பணிசெய்த செவிலியர், குவிந்து கிடந்த மாத்திரைகளைப் பார்த்துத் திகைத்தார். ஹூஸ்டன் செவிலியரைப் போலவே அவர் மனமும் ஒப்பவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் பார்கோடை ஸ்கேன் செய்தார். பையன் சரியான பையன், மருந்து சரியான மருந்து, உத்தரவில் உள்ள எண்ணிக்கையும் சரி என்றது கருவி. பையன் முப்பத்தெட்டரை மாத்திரைகளையும் விழுங்கினான்.

சில மணி நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது, மூச்சு நின்றது. மருத்துவர்கள் போராடி மீட்டார்கள், பிழைத்துக்கொண்டான். பெரும்பாலான இடங்களில் இப்படிப்பட்ட கோப்பு அலமாரிக்குள் போய் அடங்கிவிடும். இங்கே நடந்தது வேறு. அதே மருத்துவமனையின் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசி, நடந்தது அனைத்தையும் 2015இல் தன் புத்தகத்தில் எழுதினார். நிர்வாகம் அனுமதித்தது, பையனும் அவன் தாயும் சம்மதித்தார்கள். தன் தவறை இவ்வளவு விவரமாக வெளியே சொல்ல ஒரு மருத்துவமனை முன்வந்தது, இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. 

இன்று பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் பலவற்றில் மருந்து எழுதத் திறக்கும் திரையின் உச்சியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. எடை, கிலோவில். அது நிரம்பாமல் மருந்தின் பெயர் நகராது. யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். எழுதியவுடன் கிலோவுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்களும் அலகோடு அருகருகே வந்து நிற்கின்றன. எடை என்னவாக இருந்தாலும் தாண்டக்கூடாத உச்சவரம்பு உள்ளே பதிந்திருக்கிறது. அதை வெகுவாகத் தாண்டினால் கணினி எச்சரித்துவிட்டு விலகுவதில்லை, உத்தரவையே ஏற்க மறுக்கிறது. ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தை ஆம்புலன்சில் இருக்கும்போதே அதன் பெயரில் உத்தரவு எழுத வழி இருக்கிறது. வார்டில் மருந்தாளுநர் ஒருவர் மருத்துவர்களோடு சேர்ந்து சுற்றுக்குப் போகிறார், 2001இன் அந்த 94 சதவீதம் தாமதமாகவாவது காதில் விழுந்திருக்கிறது.

அந்தக் கட்டத்துக்குள் விழும் எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அமெரிக்கத் தாய்மார்கள் பிள்ளையின் எடையைப் பவுண்டில் சொல்லிப் பழகியவர்கள். 22 பவுண்டுக் குழந்தை 10 கிலோ. அந்த 22 அப்படியே கிலோ கட்டத்தில் விழுந்துவிட்டால், கணினி ஒவ்வொரு மருந்தையும் பிழையில்லாமல் பெருக்கி, இரு மடங்குக்கு மேல் கொடுக்கச் சொல்லும். பெரியவர் அளவுக்கு வகுத்த உச்சவரம்பை அது தொடாது. பார்கோடும் பொருந்தும். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காகவே இயங்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று, 2014இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட நடைமுறைப் பட்டியலில் இதையும் சேர்த்தது: எடையைக் கிலோவிலோ கிராமிலோ மட்டுமே எடுக்கவேண்டும், கருவியில் பவுண்டு தெரியவே கூடாது. அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் வார்டுகளின் எடைக் கருவிகளில் பவுண்டுக்கு மாற்றும் பொத்தான் பூட்டப்பட்டது.